மக்கட்செல்வம் யாருடைய உடைமை?

இல்லறத்தார்க்கென வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தினையும் நாம் பெரும்பாலும் உணவோடும் வாணிகத்தோடும் மட்டுமே பொருத்திப் பார்க்கப் பழகிவிட்டோம். இரவில் உண்ணாதிருத்தல், நீரை வடிகட்டிப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல், நிறுவையில் குறை வையாதிருத்தல் என்ற அளவிலேயே நம் மனம் நிறைவு கொண்டுவிடுகிறது. இவை யாவும் வேண்டற்பாலனவே. எனினும் ஒரு குடும்பம் பிளவுற்று, கணவனும் மனைவியும் நீதிமன்றத்தின் இரு புறங்களில் நிற்க, அவ்விருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கும் வேளையில், இவ்விரதங்கள் நம்மிடம் எதனை எதிர்பார்க்கின்றன? இவ்வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே கருதுகிறோம்.

வினாவை இன்னும் குறுக்கிக் கூறுவோம். குழந்தையை இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடுகிறது. தந்தையோ தாயோ அவ்வாறு ஒப்படைக்கவில்லை. ஏன் என்று வினவினால், "பெற்ற பாசம் விடவில்லை" என்ற விடை வருகிறது. உற்றாரும் இரக்கத்தோடு தலையசைக்கின்றனர். இது பாசந்தானா? சட்டத்தின் பார்வையில் இதற்கு விளைவு யாது? அறத்தின் பார்வையில் இதற்குப் பெயர் யாது?

நமக்கு அயலான செய்தி அன்று

நாம் வாழும் குமணன்சாவடிக்கு அருகிலேயே பூந்தமல்லியில் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளினின்று பணியின் பொருட்டு இப்புறநகர்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. ஊரில் பெரியவர்கள் திண்ணையில் கூடிப் பேசித் தீர்த்த பூசல்கள் இன்று வழக்குகளாக எழுதப்படுகின்றன. அதனைக் குறையாகக் கூற நாம் வரவில்லை. பெண்ணின் சொல்லைக் கேளாமலே முடிந்துபோன திண்ணைத் தீர்ப்புகள் எத்தனையோ உண்டு. வழக்கு மன்றமோ இருவரையும் நிறுத்தி இருவர் சொல்லையும் கேட்கிறது.

சமணராகிய நமக்கு எச்சட்டம் பொருந்தும் என்ற ஐயம் சிலருக்கு உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் காப்பாளர் சட்டமும் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும் என்று அச்சட்டங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. 2014ஆம் ஆண்டில் நடுவணரசு சமணரைச் சிறுபான்மையினராக அறிவித்தபின், இது மாறிவிட்டதோ என்று மயங்கியோர் உண்டு. 2025 பிப்ரவரியில் இந்தூர்க் குடும்பநல நீதிமன்றமே, சமணர்க்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது என்று கூறி ஒரு மனுவைத் திருப்பிவிட்டது. அடுத்த மாதமே மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, சட்டம் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. ஆகவே நாம் இச்சட்டங்களுக்கு உட்பட்டவரே.

சட்டம் எதனை மையமாகக் கொள்கிறது?

ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருத்தல் வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, காப்பாளரை அமர்த்துங்கால் குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. தந்தை, அவருக்குப் 'பின்' தாய் என்று இருந்த சொல்லமைப்பினை, 1999ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, 'பின்' என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என்று விளக்கியது. தாய்மார்க்கு அது பெரியதொரு விடிவாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1973ஆம் ஆண்டில், சென்னையினின்று உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கில், மக்கள் பெற்றோரின் தட்டுமுட்டுப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, இருவர் அன்பையும் பெறுதல் குழந்தையின் உரிமை என்றது. வேற்றூரில் இருக்கும் பெற்றோருடன் தொலைபேசி, காணொளி வாயிலாகப் பேசுதலும் அவ்வுரிமையில் அடங்கும் என்றது. இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. சந்திப்புரிமை என்பதைத் தந்தைக்கோ தாய்க்கோ நீதிமன்றம் அளித்த சலுகை என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது முதலாவதாகக் குழந்தைக்கு உரியது. அதனைத் தடுப்பவர் தம் பகைவரிடமிருந்து எதனையும் பறிக்கவில்லை. தம் குழந்தையிடமிருந்தே பறிக்கிறார்.

மீறினால் என்ன ஆகும்?

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. குழந்தையை முன்னிறுத்துமாறு நீதிமன்றம் பணித்தும் முன்னிறுத்தாதவருக்கு 100 ரூபாய் வரையிலும், மேலும் பிடிவாதம் செய்தால் நாளொன்றுக்குப் 10 ரூபாயாக மொத்தம் 500 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அதன் 45ஆம் பிரிவு இடந்தருகிறது. இத்தொகையைக் கண்டு நகைப்பவர் அடுத்த வரியையும் படித்தல் வேண்டும்: குழந்தையை முன்னிறுத்துவதாக உறுதி கூறும்வரை அவரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். நீதிமன்ற எல்லையைக் கடந்து குழந்தையைக் கொண்டு சென்றால் 1000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 44ஆம் பிரிவு வழி செய்கிறது.

இதனோடு முடிவதில்லை. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, ஆணையை வேண்டுமென்றே மீறுதல் உரிமையியல் அவமதிப்பு ஆகும். ஆறு மாதம் வரை சிறையும் 2000 ரூபாய் வரை அபராதமும் அதற்கு உண்டு. மேலும், ஆட்கொணர்வு மனுவின் வாயிலாக உயர் நீதிமன்றம் காவல்துறையைக் கொண்டே குழந்தையைத் தேடிக் கொணரச் செய்யலாம். மேல்முறையீடு செய்துவிட்டோம் என்பதனாலேயே ஆணை நின்றுவிடுவதும் இல்லை. தடையாணை பெறாதவரை முதல் ஆணை உயிரோடுதான் இருக்கிறது. இதனை அறியாமல் இடர்ப்பட்டோர் பலர்.

பட்டியலில் எழுதப்படாத விளைவு ஒன்றும் உண்டு, அதுவே பெரிது. ஆணையை ஒருமுறை மீறியவரின் சொல்லை நீதிபதி அடுத்த முறை எளிதில் நம்பமாட்டார். "விடுமுறைக்கு அனுப்புங்கள், திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன்" என்று அவர் உண்மையாகவே கூறினாலும், அவ்வுண்மை எடுபடாது.

அண்மைக்கால வழக்குகள் இரண்டு

2022 மே மாதம் 11ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு தந்தையும் தாயும் உடன்பட்டு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். ஆறாம் வகுப்பில் படித்த மகன் அஜ்மீரில் தாயுடனிருந்து பத்தாம் வகுப்பு முடிய அங்கேயே படிப்பான். ஆண்டுதோறும் ஜூன் மாதம் முழுவதும் தந்தையுடன் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பான். இரு தரப்பாருக்கும் ஓரளவு நிறைவு தரக்கூடிய ஏற்பாடே அது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் தந்தை மகனை அழைத்துச் சென்றார். ஜூலை முதல் நாள் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்றது. மே 16ஆம் நாள் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், அபய் ஓகா ஆகியோர் ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தனர். அவரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டிய முயற்சிகளைச் செய்யுமாறு நடுவணரசையும் மத்தியப் புலனாய்வுத் துறையையும் பணித்தனர்.

மற்றொரு வழக்கில், கென்ய நாட்டில் வாழும் தந்தையிடமே மகனை ஒப்படைக்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தாய்க்குரிய சந்திப்பும் பேச்சும் தடைபடலாகாது என்பது நிபந்தனை. மகன் அந்நாடு சேர்ந்தபின் நிபந்தனைகள் காற்றில் விடப்பட்டன. அதற்கு மேலும் சென்று, இந்திய நீதிமன்றத்தின் தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு நீதிமன்றத்தையும் தந்தை நாடினார். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தான் அளித்த தீர்ப்பையே திரும்பப் பெற்றது. 2022இல் அவர் அவமதிப்புக் குற்றவாளி எனக் கண்டு சிறைத் தண்டனையும் விதித்தது. வென்ற வழக்கினைத் தம் செயலாலேயே இழந்தவர் அவர்.

வெளிநாடுகளில் மக்களும் பேரர்களும் வாழும் நம் குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். எல்லை கடந்து கொண்டுசெல்லப்படும் சிறாரைத் திருப்பி அனுப்புவதற்கென 1980ஆம் ஆண்டில் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் இலங்கை 2001ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை. ஆதலால் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால் கவலை இல்லை என்று எண்ணுவோர் உளர். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்றவர் உரிமையைத் தடுக்கும் நோக்கில் குழந்தையை நாடு கடத்திச் செல்லும் பெற்றோருக்கு மூன்றாண்டுச் சிறை வரை உண்டு. கனடாவில் நீதிமன்ற ஆணைக்கு மாறாகக் குழந்தையைக் கொண்டு செல்வதற்குப் பத்தாண்டு வரை உண்டு. மீறிய பெற்றோர் மீண்டும் அந்நாட்டில் கால்வைக்க இயலாமற்போனால், குழந்தை பிறந்து வளர்ந்த ஊரே அதற்கு மூடப்பட்டுவிடும்.

தண்டனை காலத்தைத் திருப்பித் தருமா?

மேற்கண்ட தீர்ப்புகளைப் படிக்குங்கால், குற்றவாளி தண்டிக்கப்பட்டார் என்ற நிறைவு ஒருபுறம் எழுகிறது. ஆயினும் அஜ்மீரில் மகன் வருவான் என்று ஜூலை முதல் நாள் காத்திருந்த தாய்க்கு, அத்தண்டனை அந்த ஆண்டைத் திருப்பித் தருமா? பன்னிரண்டு வயதில் இழந்த ஓராண்டினைப் பதினான்கு வயதில் எவரும் ஈடு செய்ய இயலாது.

ஆணையை மீறுவோரின் கணக்கும் இதனை ஒட்டியதே. காலம் கடத்தினால் போதும் என்பதே அக்கணக்கு. குழந்தை புதிய பள்ளியில் சேர்ந்துவிடும், புதிய நண்பர்களைப் பெற்றுவிடும், பிரிந்திருக்கும் தாயின் முகத்தையோ தந்தையின் குரலையோ மறந்துவிடும். அதன்பின் நீதிமன்றத்தில், "இங்கே வேரூன்றிவிட்டது, இப்போது பெயர்த்தால் துன்புறும்" என்று கூறலாம். நீதிபதியின் இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. குழந்தையை விட்டுவைத்தால் தவற்றுக்குப் பரிசு கொடுத்ததாகும். பெயர்த்தால் தவறு செய்யாத குழந்தை நோகும். தண்டித்துச் சிறைக்கு அனுப்பினால், எவரோடு குழந்தை இதுகாறும் வாழ்ந்ததோ அவரையே அது இழக்கும். மூன்று வழியிலும் இழப்பு குழந்தைக்கே. இவ்விக்கட்டினை உண்டாக்கியது நீதிமன்றம் அன்று, மீறியவரே.

சுவேதாம்பர மரபில் ஹேமசந்திராசாரியர் எழுதிய தீர்த்தங்கரர் வரலாற்றில், ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதரின் அன்னை மங்களா தேவியைப் பற்றி ஒரு கதை உண்டு. வணிகன் ஒருவன் இறந்தபின் அவன் மனைவியர் இருவர் ஒரு மகனைக் குறித்து, இருவரும் தம் மகன் என்று வழக்காடினர். அரசனாலும் தீர்க்க இயலவில்லை. கருவுற்றிருந்த அரசி, "என் வயிற்றில் வளரும் மகன் மூவகை ஞானத்தோடு பிறப்பான், அவன் வளர்ந்து தீர்ப்பளிப்பான், அதுவரை பொறுத்திருங்கள்" என்றாள். ஒருத்தி அதற்கு இசைந்தாள். மற்றொருத்தியோ, "அத்தனை காலம் என்னால் பொறுக்க இயலாது, இன்றே தீர்த்து வையுங்கள்" என்று கதறினாள். பொறுக்க இயலாதவளே தாய் என்று அரசி மகனை அவளிடம் ஒப்படைத்தாள்.

இக்கதையில் வாள் இல்லை, அச்சுறுத்தல் இல்லை. அரசி கையில் எடுத்த அளவுகோல் காலம். காலதாமதத்தைக் கண்டு எவர் உள்ளம் துடிக்கிறதோ அவரிடமே அன்பு இருக்கிறது. தாமதத்தையே கருவியாகக் கொள்பவரிடம் இருப்பது வேறு ஏதோ.

விரதங்களின் உரைகல்லில்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்தைந்து அதிசாரங்களை, அதாவது விரதம் வழுவும் வழிகளைக் குறித்துள்ளார். அவற்றுள் மூன்றினை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கள்ளாமை விரதத்துக்குரிய அதிசாரங்களுள் ஒன்று விருத்தராஜ்யாதிக்கிரமம். அரசு முறைக்கு மாறாக நடத்தல் என்பது அதன் பொருள். வாணிகர் சுங்கம் ஏய்ப்பதையே பலர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். முறைப்படி அமைந்த நீதிமன்றம் இருதரப்பும் கேட்டு இட்ட ஆணையை மறைவாகக் கடத்தல் இதனுள் அடங்காதோ? களவோடு இதனை ஆசாரியர் சேர்த்து வைத்ததன் நுட்பம், குழந்தை வழக்குகளில் நன்கு விளங்குகிறது. ஒருவருக்கு உரிய நாட்களை மற்றவர் எடுத்துக்கொள்கிறார். அதுவும் அவர் அறியாமல்.

பொய்யாமை விரதத்துக்குரியது நியாசாபஹாரம். நம்பி வைத்த அடைக்கலப் பொருளை மறுத்தல் அல்லது குறைத்துத் தருதல். ஒரு மாத விடுமுறைக்கென அழைத்துச் சென்ற குழந்தை அத்தகைய அடைக்கலம். நூறு வராகன் வைத்தவனுக்கு எண்பது வராகன் திருப்பித் தருதல் வழு என்றால், முப்பது நாளுக்கென அனுப்பிய மகனைத் திருப்பித் தராமலே இருத்தல் எத்தகைய வழு!

கொல்லாமை விரதத்துக்குரியவற்றுள் அதிபாராரோபணம் ஒன்று. மாட்டின் மீதும் பணியாள் மீதும் தாங்கவொண்ணாச் சுமை ஏற்றுதல் என்று உரை கூறுவர். "உன் அப்பாவிடம் இதைச் சொல்லாதே", "உன் அம்மா நம்மை விட்டுப் போனவள்", "நீதிபதி கேட்டால் வரமாட்டேன் என்று சொல்" என்று பெரியவர் இருவரின் பகையைப் பிஞ்சுத் தோளில் ஏற்றுவதும் இச்சுமையே. பள்ளியில் பணியாற்றிய காலத்தில் இச்சுமையை நாம் கண்டதுண்டு. மூன்றாம் வகுப்பில் 'எங்கள் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், மற்றக் குழந்தைகள் பக்கம் நிறைக்க, அத்தகைய குழந்தை இரண்டு வரி எழுதிவிட்டு எழுதுகோலின் முனையைக் கடித்துக் கொண்டிருக்கும். எவர் பெயரை முதலில் எழுதினால் எவர் வருந்துவரோ என்று எட்டு வயதில் எண்ணிப் பார்க்கும் நிலை அதற்கு.

இம்மூன்றுக்கும் அடியில் இருப்பது பரிக்கிரகம். பொருளின் அளவு பரிக்கிரகம் அன்று, 'இது என்னுடையது' என்னும் மயக்கமே பரிக்கிரகம் என்பது நம் ஆசாரியர் தெளிவு. வீட்டையும் நகையையும் அளவிட்டுக் கொள்ளும் நாம், பெற்ற மக்களிடம் அந்த மயக்கம் வரும்போது அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டி வணங்குகிறோம். நம் ஊர்ப்பெயரில் ஒலிக்கும் குமணன் யாராயினும் ஆகுக. புறநானூற்றுப் புகழ் கொண்ட குமண வள்ளல், தம்பி நாட்டைக் கைக்கொண்டபோது காடு சென்றிருந்தான் என்று வழிவழியாகக் கூறுவர். ஆளும் நாட்டையே விட இயன்றவன் பெயரை நாள்தோறும் சொல்லும் நமக்கு, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரத்தை விட இயலாமற் போவது ஏன்?

சீவக சிந்தாமணியில் விசயை சுடுகாட்டில் பெற்ற மகனை விட்டு மறைந்தாள். வணிகன் கந்துக்கடன் எடுத்து வளர்த்தான். அவள் அவ்வாறு செய்தது மகனின் உயிர் காக்க. தவப்பள்ளியில் இருந்துகொண்டு அவன் நலத்தையே எண்ணியிருந்தாள். பற்றின்றியும் தாய்மை இருக்கும் என்பதற்கு நம் காப்பியம் காட்டும் சான்று அவள்.

எதிர்வாதங்கள்

இவ்வளவும் கேட்டபின் சிலர் நியாயமான வினாக்களை எழுப்புவர். அவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்லலாகாது.

முதலாவது: "அங்கே குழந்தைக்கு உண்மையாகவே தீங்கு நேர்ந்தால், ஆணை என்று அனுப்பிவிட வேண்டுமா?" வேண்டியதில்லை. அடி, பாலியல் கொடுமை, குடிவெறி ஆகியவற்றின் முன் குழந்தையைக் காத்தலே கொல்லாமை. ஆனால் காக்கும் வழி மறைத்தல் அன்று, வெளிப்படுத்தல். அன்றே நீதிமன்றத்தை அணுகி ஆணையை மாற்றக் கோரலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, குழந்தை பற்றிய ஆணைகளை அவ்வப்போது மாற்றவும் நிறுத்தவும் இடந்தருகிறது. 1098 என்ற எண்ணில் சிறார் உதவி கிடைக்கும். பாலியல் குற்றமெனில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையீடு செய்ய வேண்டியது கடமையே. உண்மையாகவே அஞ்சுபவர் நீதிபதியிடம் விரைந்து ஓடுவார். நீதிபதியிடமிருந்து ஓடுபவரின் அச்சத்தைப் பிறர் ஐயுறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது: "குழந்தையே வரமாட்டேன் என்கிறதே?" பகுத்தறியும் வயதுடைய குழந்தையின் விருப்பத்தைக் கேட்க 1890ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்துள்ளது. ஆயினும் அதனைக் கேட்க வேண்டியவர் நீதிபதி. பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருப்பவர் அல்லர். 2017ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பில், ஒரு பெற்றோர் மற்றவரைக் குறித்துக் குழந்தையின் மனத்தில் வெறுப்பை விதைப்பதன் கேட்டினை உச்ச நீதிமன்றம் விரிவாகக் கூறியுள்ளது. எவர் அருகில் நிற்கிறாரோ அவர் விரும்பும் விடையைச் சொல்லுதல் குழந்தையின் இயல்பு என்பதை எந்த ஆசிரியரும் அறிவார்.

மூன்றாவது: "ஆணையே தவறாக இருந்தால் மீறுதல் சத்தியாகிரகம் ஆகாதா?" ஆகாது. காந்தியடிகள் சட்டத்தை மீறியபோது வெளிப்படையாக மீறினார். தண்டனையைக் கேட்டு ஏற்றார். துன்பத்தைத் தம் உடலில் தாங்கினார். குழந்தையை மறைப்பவர் மறைவில் மீறுகிறார், தண்டனைக்கு ஒளிகிறார், துன்பத்தைக் குழந்தையின் மேல் வைக்கிறார். மூன்றும் நேர்மாறு. நீதிபதிகளும் மனிதரே, அவர்தம் ஆணையில் பிழை இருக்கலாம். அதனாலன்றோ மேல்முறையீடு என்று ஒன்றை வைத்தனர்? மேலும், கட்சிக்காரர் ஒவ்வொருவரும் காண்பது தம் பக்கத்து உண்மையை மட்டுமே. அநேகாந்தம் போற்றும் நாம், தம் பக்கத்தை மட்டும் கண்டவர் இருபக்கமும் கேட்டவரைத் தள்ளிவிடுவதை எவ்வாறு ஒப்புவோம்?

உற்றாரின் பங்கு

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை மூவகைப்படும் என்பது நம் சமயத்தின் அடிப்படைப் பாடம். மகன் தன் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை; பாட்டனார் ஊரில் வைத்துக்கொண்டார்; அத்தை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்; சித்தப்பா "இங்கே இல்லை" என்று கூறினார். இவர்கள் எல்லோரும் அன்பினால் செய்தோம் என்பர். வினை அவ்வாறு கணக்கிடுவதில்லை. நம் சமூகம் சிறியது. பெண் கொடுத்தோரும் பெண் எடுத்தோரும் பெரும்பாலும் முன்னமே உறவினர். ஒரு குழந்தையை ஒளித்தால் இரண்டு வீடுகள் மட்டுமல்ல, நான்கைந்து ஊர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றன. ஜினாலயத்தில் அபிஷேகத்தின்போது கூட ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கும் நிலை வருகிறது. ஆதலால் இரு பக்கமும் உறவுடைய பெரியோர், ஒரு பக்கம் சாயாமல், "முதலில் ஆணைப்படி நட, பிறகு உன் குறையைச் சொல்" என்று கூறும் துணிவு பெற வேண்டும்.

2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி ஒருவர், குழந்தையைக் காண வரும் பிரிந்த துணையை விருந்தினராக மதித்துச் சிற்றுண்டியும் அளித்து நடத்த வேண்டும் என்று ஆணையில் எழுதினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்பகுதியை நீக்கிவிட்டது. அது சரியே, விருந்தோம்பலை ஆணையிட்டுப் பெற இயலாது. ஆனால் நீதிமன்றம் கட்டளையிட இயலாததை அறம் கேட்கலாம். அதிதிக்குப் பகிர்ந்தளித்தலை இல்லறத்தார் விரதங்களுள் ஒன்றாகவே வைத்தவர் நம் முன்னோர். தவசியருக்கென வகுத்த அவ்விரதத்தின் மனப்பான்மையில் ஒரு துளியேனும் வாசலில் வந்து நிற்கும் குழந்தையின் தந்தைக்கோ தாய்க்கோ காட்டலாம். "வாருங்கள், உட்காருங்கள், பிள்ளை உடுத்திக்கொண்டு வருகிறான்" என்ற ஒரு வரி, குழந்தையின் காதில் விழட்டும். தன்னைப் பெற்ற இருவரும் மதிப்புக்குரியவரே என்று அதற்கு அன்று தெரியும்.

முடிவாக

அவமதிப்புச் சட்டத்தில் இரக்கமுள்ள ஓர் இடம் உண்டு. மீறியவர் மனமார மன்னிப்புக் கோரி நீதிமன்றம் அதில் நிறைவுற்றால், தண்டனையினின்று விடுவிக்கலாம். ஆனால் தண்டனைக்குத் தப்ப நாவினால் மட்டும் கூறும் மன்னிப்பு ஏற்கப்படுவதில்லை. செயலால் சீர்செய்தலும் உடன் வர வேண்டும். பிரதிக்கிரமணம் செய்யும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தசலக்ஷண பருவம் முடிந்து க்ஷமாவணி நாளில் எல்லோரிடமும் மன்னிப்புக் கோருகிறோம். தெரிந்தவரிடமும் அன்புள்ளவரிடமும் கோருவது எளிது. பிரிந்த துணையிடம், அவர்க்குரிய நாட்களை நாம் எடுத்துக்கொண்டதற்காகக் கோருவதே அந்நாளின் பொருளை நிறைவு செய்யும். அவ்வாறு கோருபவர் குழந்தையை உடனழைத்துச் சென்று ஒப்படைத்துவிட்டே கோருதல் வேண்டும்.

மக்கட்செல்வம் யாருடைய உடைமை என்று தொடக்கத்தில் வினவினோம். தந்தைக்கும் தாய்க்கும் நீதிமன்றத்துக்கும் அது உடைமை ஆகாது. ஒவ்வோர் உயிரும் தன் வினையோடு தனித்து வந்து, சில காலம் நம்மிடம் தங்கி, தன் வழியே செல்வது. தங்கும் காலத்தில் அதற்கு நாம் காப்பாளர் மட்டுமே. வழக்கில் இருப்போர் ஒப்படைக்க வேண்டிய நாளை நாள்காட்டியில் குறித்து வைத்து, அந்நேரத்துக்குக் குழந்தையின் பையோடும் பாடநூலோடும், முகம் சுளிக்காமல் சென்று சேர்வாராக. உற்றார் அதற்குத் துணை நிற்பாராக.

அறம் வாழ்க! ஜினதர்மம் ஓங்குக!